உவமையா, உருவகமா: ஒப்பிடும் தொடருக்கு அணியின் பெயர் காண்பது எப்படி?

அணியின் பெயரைத் தேடிக்கொண்டு செய்யுளுக்குள் போகாதீர்கள். முதலில் அதில் இருக்கும் இணையைத் தேடுங்கள். சொல்ல வந்த பொருள் உவமேயம். அதை விளக்கக் கொண்டுவந்த பொருள் உவமை. இரண்டையும் தாளில் எதிரெதிரே எழுதிவிட்டு, இவற்றை எது சேர்த்து வைத்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பெயர் அங்கேயே கிடைத்துவிடும்.

சினத்தையும் தீயையும் வைத்தே பார்ப்போம்.

“காட்டுத்தீயைப் போலச் சினம் பரவியது.” தீ உவமை, சினம் உவமேயம், ‘போல’ உவம உருபு, பரவுதல் பொதுத்தன்மை. நான்கும் வெளிப்படையாக நிற்பதால் இது உவமையணி. உருபு என்றால் ‘போல’ மட்டும் அல்ல. நன்னூல் என்ற இலக்கண நூல் போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைய, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன என்று 12 உருபுகளை எண்ணிவிட்டு, ‘பிறவும்’ என்கிறது. பழைய செய்யுளில் ‘கடுப்ப’, ‘புரைய’ வரும்போதுதான் பலர் உருபைத் தவறவிடுகிறார்கள். இந்தப் பன்னிரண்டையும் மனப்பாடமாக வைத்துக்கொள்வது நல்லது. மறுபுறம், ‘போல்’ வந்தாலே உவமை ஆகிவிடாது. “மழை வரும்போல் இருக்கிறது” என்பதில் ஒப்பிட இரண்டாவது பொருளே இல்லை. அது வெறும் ஊகம்.

உவமையாக வந்த பொருள் உலகில் இல்லாததாக இருந்தால் அது இல்பொருள் உவமையணி: “பனிக்கட்டி பற்றி எரிந்தாற்போலச் சாந்தமானவர் சீறினார்.”

உருபை எடுத்துவிட்டு இரண்டையும் தனித்தனித் தொடராக நிறுத்துங்கள். “சிறு பொறி காட்டை அழிக்கும், சிறு சினம் உறவை அழிக்கும்.” நடுவில் ‘அதுபோல’ என்று சேர்த்துப் படித்தால் பொருள் கெடாமல் ஓடுகிறது அல்லவா? இது எடுத்துக்காட்டு உவமையணி. விடை எழுதும்போது உவமை, உவமேயம் இரண்டையும் காட்டி, ‘உவம உருபு மறைந்து வந்துள்ளது’ என்று கட்டாயம் குறிப்பிட வேண்டும். உருபைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டால், உவமையணியிலிருந்து இதைப் பிரித்துக் காட்டியதாகாது.

இதனோடு குழம்புவது வேற்றுப்பொருள் வைப்பணி. “முழுநிலவும் தேய்ந்தது, வளர்ந்தவை எல்லாம் தேய்வது உலக இயல்பு.” இங்கேயும் இரண்டு தொடர்கள்தான், உருபும் இல்லை. ஆனால் ‘எல்லாம்’ என்ற பொது உண்மைக்குள் நிலவும் அடங்கிவிடுகிறது. பொறியும் சினமும் அப்படி அல்ல. ஒன்று மற்றொன்றுக்குள் அடங்காமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ‘அடங்குகிறதா, அருகில் நிற்கிறதா’ என்ற இந்த ஒரு கேள்வி போதும்.

இரண்டும் வேறல்ல, ஒன்றே என்று சொன்னால் உருவகம். இதில் சொல்லின் வரிசையைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். ‘தாமரை முகம்’ என்றால் தாமரை போன்ற முகம். உருபு தொக்கி, அதாவது மறைந்து நிற்கும் உவமைத்தொகை. ‘முகத்தாமரை’ என்று திருப்பினால் முகமாகிய தாமரை; அது உருவகம். உவமை முன்னே வந்தால் ‘போன்ற’, உவமேயம் முன்னே வந்தால் ‘ஆகிய’ என்று விரித்துப் பாருங்கள். எது பொருந்துகிறதோ அதுவே விடை.

“சினத்தீயைப் பொறுமையால் அணைத்தான்.” சினம் தீயாகிவிட்டது, அணைத்த பொறுமையை நீர் என்று சொல்லவில்லை. தொடர்புடைய இரண்டில் ஒன்றை மட்டும் உருவகப்படுத்தி மற்றதை விட்டதால் ஏகதேச உருவக அணி. 10ஆம் குறள் பிறவியைப் பெருங்கடல் ஆக்கிவிட்டு, இறைவன் அடியைத் தெப்பம் ஆக்காமல் விடுவதும் இதனால்தான். ‘உருவக அணி’ என்று மட்டும் எழுதினால் பாதி விடைதான்.

ஒற்றுமையைச் சொல்லிப் பிறகு வேறுபடுத்தினால் வேற்றுமை அணி: “தீயும் சுடும், சினமும் சுடும், தீ நீருக்கு அடங்கும், சினம் அதற்கும் அடங்காது.” 129ஆம் குறளில் சுடுதல் தீக்கும் நாவுக்கும் பொது, தீ சுட்ட புண் ஆறுவதும் நா சுட்ட வடு ஆறாததும் வேற்றுமை. முதலில் ஒற்றுமை இருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். வேறுபாடு மட்டும் இருந்தால் இந்தப் பெயர் பொருந்தாது.

“பொறிதானே என்று விட்டால் காடே சாம்பலாகும்.” சினம் என்ற சொல்லே இல்லை, ஆனால் சண்டையின் தொடக்கத்தில் ஒருவர் இப்படிச் சொன்னால் எதைச் சொல்கிறார் என்பது புரிந்துவிடும். உவமையை மட்டும் கூறி உவமேயத்தைப் பெற வைப்பதால் பிறிது மொழிதல் அணி. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் இதை ‘ஒட்டு’ என்கிறது. தாளில் உவமேயத்துக்கான இடம் காலியாகவே இருந்தால் இந்தப் பெயரை நினையுங்கள்.

நிரல்நிறையை மட்டும் இவற்றோடு சேர்க்க வேண்டாம். “சினமும் பொறுமையும் பகையும் நட்பும் தரும்” என்பதில் சொற்கள் வரிசையாக நின்று, அதே வரிசையில் பொருள் கொள்கின்றன. சினம் பகையைத் தரும், பொறுமை நட்பைத் தரும். ஒன்று இன்னொன்றைப் போன்றது என்ற பேச்சே அங்கு இல்லை.