மேற்படியும் நினைவகப் பகுதிகளுக்கிடையே தரவைச் சிதையாமல் நகர்த்தும் முறை

புதுச்சேரி நேரு வீதியில் உள்ள ஒரு கடைக்கு, எழுத்துகள் ஓடும் எல்இடி பலகை ஒன்றின் நிரலை சி மொழியில் எழுதிக் கொடுத்தேன். 8 புள்ளி உயரமும் 64 புள்ளி அகலமும் கொண்ட பலகை அது. ஒரு நெடுவரிசைக்கு ஒரு பைட் என்ற கணக்கில் முழுப் படமும் 64 பைட் பஃபரில், அதாவது படத்தை வைத்திருக்கும் நினைவகப் பகுதியில், அடங்கிவிடும். எழுத்தை இடப்பக்கம் நகர்த்த, 1ஆம் பைட்டை 0ஆம் இடத்திலும் 2ஆம் பைட்டை 1ஆம் இடத்திலும் வைத்துக்கொண்டே போகும் ஒரு சிறு லூப் போதுமாக இருந்தது. பின்னர் தீபாவளிக்காக எழுத்து வலப்பக்கமும் ஓட வேண்டும் என்று கடைக்காரர் கேட்டபோது, அதே லூப்பில் மூலத்தையும் இலக்கையும் இடம் மாற்றிவிட்டுப் பலகையை இயக்கினேன். எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை. முதல் நெடுவரிசையில் எரிந்த புள்ளிகள் மட்டும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கிடைக்கோடுகளாக நீண்டு நின்றன.

காரணத்தைத் தாளில் எழுதிப் பார்த்தால் உடனே விளங்கும். 0 முதல் 6 வரை ஏழு இடங்களை வரைந்து, முதல் ஐந்தில் அ, ஆ, இ, ஈ, உ என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஐந்தையும் இரண்டு இடம் வலப்பக்கம் தள்ள வேண்டும் என்று வைத்துக்கொண்டு, முன்னாலிருந்து ஒவ்வொன்றாக நகலெடுங்கள். 2ஆம் இடத்தில் அ வந்து அமரும்போதே அங்கிருந்த இ அழிந்துவிடுகிறது. 3ஆம் இடத்தில் ஆ வந்ததும் ஈ அழிகிறது. அடுத்து 4ஆம் இடத்துக்கு இ போக வேண்டிய முறை வரும்போது, 2ஆம் இடத்தில் எஞ்சியிருப்பது அ தான். முடிவில் அ ஆ அ ஆ அ ஆ அ என்று வரும். நமக்கு வேண்டியதோ அ ஆ அ ஆ இ ஈ உ. இப்போது உ, ஈ, இ, ஆ, அ என்று பின்னாலிருந்து தொடங்கிப் பாருங்கள், எதுவும் அழியாது. கடலூர் பேருந்தில் மூவர் இருக்கையில் ஜன்னலோரம் இடம் காலியாக இருந்து, "தள்ளி உட்காருங்க" என்று நடத்துநர் சொன்னால், ஜன்னலுக்கு அருகில் இருப்பவர்தான் முதலில் நகர வேண்டும். நடைபாதையோரம் இருப்பவர் முதலில் நகர்ந்தால் அடுத்தவர் மடியில்தான் உட்கார வேண்டியிருக்கும்.

ஆகவே முதலில் இரு பகுதிகளும் ஒன்றன்மீது ஒன்று விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டின் தொடக்க முகவரிகளுக்கு இடையிலுள்ள தொலைவு, நகர்த்த வேண்டிய பைட்டுகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால் அவை மேற்படிகின்றன. அவ்வாறு மேற்படியும்போது, இலக்கு மூலத்துக்கு முன்னால் இருந்தால் முன்னாலிருந்தும், பின்னால் இருந்தால் பின்னாலிருந்தும் நகலெடுக்க வேண்டும்.

சி மொழியில் இந்தத் திசைக் கணக்கை நாமே போட வேண்டிய தேவை இல்லை. மெம்மூவ் என்ற செயல்கூறு (ஃபங்ஷன்) அதைப் பார்த்துக்கொள்ளும். தரவை ஒரு தற்காலிக இடத்தில் வைத்து எடுத்ததுபோன்ற விளைவை அது தர வேண்டும் என்று சி தரநிலை சொல்வதைப் படித்துவிட்டு, அது உண்மையிலேயே கூடுதல் நினைவகம் கேட்கும் என்று பலர் அஞ்சுகிறார்கள். வழக்கமாக அது திசையை மட்டுமே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது என்பதால், 2 கேபி ரேம் மட்டுமே உள்ள ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற சிறு மைக்ரோகண்ட்ரோலர் பலகையிலும் தயங்காமல் பயன்படுத்தலாம். மெம்மூவை நாமே எழுதிக்கொள்வதும் நல்ல யோசனை அல்ல, ஏனெனில் வெவ்வேறு அணிகளை (அரே) சுட்டும் இரு பாயிண்டர்களில், அதாவது முகவரிகளில், எது சிறியது என்று ஒப்பிடுவதற்குத் தரநிலை பொருள் வரையறுக்கவில்லை; லைப்ரரி எழுதுபவர்களுக்குத் தங்கள் கணினியின் அமைப்பு தெரியும் என்பதால் அவர்களால் அதைச் செய்ய முடிகிறது.

மேற்படிதலைக் கணக்கில் கொள்ளாமல் நகலெடுக்கும் மெம்காப்பி என்ற செயல்கூற்றை இங்கே பயன்படுத்தக் கூடாது. இடப்பக்கம் தள்ளுவதற்கு அது சரியாகத்தானே வேலை செய்கிறது என்று வாதிடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது முன்னாலிருந்து நகலெடுக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை என்பதே என் பதில். 2010இல், லினக்ஸில் பயன்படும் சி லைப்ரரியான ஜிலிப்சியின் மெம்காப்பி, வேகத்துக்காகச் சில பிராசசர்களில் பின்னாலிருந்து நகலெடுக்கத் தொடங்கியதும், ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் பதிப்பில் அடோபி ஃபிளாஷ் பிளேயரின் ஒலி கெட்டுப்போனது. மேற்படியும் பகுதிகளுக்கு அந்த நிரல் மெம்காப்பியை அழைத்திருந்ததே காரணம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ்கூட அந்த விவாதத்தில் இறங்கினார். பின்னர் வந்த ஜிலிப்சி 2.14, பழைய நிரல்கள் உடையாதவாறு அவற்றுக்கு மெம்மூவின் போக்கையே வழங்கியது; புதிதாகத் தொகுக்கப்படும் நிரல்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

நீளத்தைக் கொடுக்கும் இடத்தில்தான் அடுத்த பிழை நேர்கிறது. மெம்மூவ் கேட்பது பைட்டுகளின் எண்ணிக்கையே தவிர உறுப்புகளின் எண்ணிக்கை அன்று. உறுப்பு ஒன்று 4 பைட் என்றால், 10 உறுப்புகளை நகர்த்த 40 என்று கொடுக்க வேண்டும். வலப்பக்கம் தள்ளும்போது கடைசி உறுப்புக்கு அணியின் எல்லைக்குள் இடம் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் மெம்மூவ் எல்லையைப் பார்ப்பதில்லை. சரம் (ஸ்டிரிங்) என்றால் அதன் முடிவைக் குறிக்கும் சுழிய பைட்டையும் சேர்த்தே நகர்த்த வேண்டும். தமிழ்ச் சரம் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு: யூடிஎஃப்-8 குறியீட்டில் "கடலூர்" 18 பைட்டுகள் கொண்டது, அதில் "க" மட்டும் 3 பைட். அந்த முதல் எழுத்தை நீக்க, மூன்றாம் பைட்டுக்குப் பின்னுள்ள 15 பைட்டுகளையும் சுழியத்தையும் சேர்த்து 16 பைட்டுகளைத் தொடக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். இந்த வேலைக்குச் சரத்தை நகலெடுக்கும் எஸ்டிஆர்காப்பியை அழைப்பது வெகுவாகக் காணப்படும் தவறு. மேற்படியும் சரங்களுக்கு அதுவும் மெம்காப்பியைப் போலவே வரையறுக்கப்படாத நடத்தைதான், அதாவது என்ன நடக்கும் என்று தரநிலை எதுவும் சொல்லவில்லை. ஒரு பஃபரின் உள்ளடக்கத்தை, வடிவமைத்த சரத்தை எழுதும் எஸ்பிரிண்ட்எஃப் வழியாக அதே பஃபரில் எழுதுவதும் அப்படியே.

பழைய நிரலில் இத்தகைய பிழைகளைத் தேட, நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கம்பைலர் வசதியான அட்ரஸ் சானிடைசரை இயக்கித் தொகுத்து ஓட்டுங்கள், அல்லது அதே வேலைக்கான தனிக் கருவியான வால்கிரைண்டின் கீழ் ஓட்டுங்கள். மேற்படியும் மெம்காப்பியை இரண்டுமே சுட்டிக்காட்டும். சிறிய நகலெடுப்புகளைக் கம்பைலர் நேரடிக் கட்டளைகளாக மாற்றிவிட்டிருந்தால் வால்கிரைண்டுக்கு அவை தெரியாது என்பதால், வால்கிரைண்டில் ஓட்டும்போது கம்பைலரின் மேம்படுத்தலை (ஆப்டிமைசேஷன்) நிறுத்தி வையுங்கள்.

ஜாவாவின் அரேகாப்பியும் கோ மொழியின் காப்பியும் மேற்படிதலைத் தாமே சமாளித்துக்கொள்கின்றன. ரஸ்ட் மொழியில் ஒரே ஸ்லைஸுக்குள் (அணியின் ஒரு பகுதிக்குள்) நகர்த்த காப்பி வித்தின் இருக்கிறது. சி++ மொழியில் மட்டும் திசையை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். வலப்பக்கம் தள்ளுவதற்கு அங்கே காப்பி பேக்வேர்ட் என்று தனியாக ஒன்று உண்டு.

மெம்மூவைப் போடவே கூடாத ஓர் இடமும் இருக்கிறது. முன்பு வந்த பகுதியையே திரும்பச் சுட்டித் தரவைச் சுருக்கும் எல்இசட்77 வழியில் சுருக்கிய தரவை விரிக்கும்போது, "2 பைட் பின்னால் போய் 5 பைட் எடு" என்பதுபோன்ற கட்டளைகள் வரும்; தாளில் நாம் பிழையாகப் பெற்ற அந்த அ ஆ அ ஆ வரிசைதான் அங்கே சரியான விடை. அவ்விடத்தில் ஒவ்வொரு பைட்டாக முன்னாலிருந்து நகலெடுக்கும் லூப்பையே எழுதுங்கள். அடுத்து வருபவர் அதை மெம்மூவாகத் "திருத்தி"விடாமல் இருக்க, காரணத்தை அதன் மேலேயே ஒரு வரியில் குறித்து வையுங்கள்.