உப்பு ஸ்க்ரப் ஏன் கெட்டுப்போகிறது? வீட்டில் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிக்கும்போது உடம்பில் தேய்த்துக் கழுவும் உப்பு ஸ்க்ரப்பைச் செய்வதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உப்பையும் எண்ணெயையும் கலந்தால் வேலை முடிந்தது. சிக்கல் எல்லாம் அதன் பிறகுதான். நன்றாக இருந்த கலவை சில வாரங்களில் நீர்த்துப்போகிறது, காறல் வாடை அடிக்கிறது, அல்லது தோலை எரிய வைக்கிறது. இதில் முதல் எதிரி தண்ணீர்.

கிருமிகள் வளர ஈரம் வேண்டும். சுத்தமான எண்ணெயிலும் காய்ந்த உப்பிலும் அது இல்லை. அதனால்தான் இந்தக் கலவை பதப்பொருள் எதுவும் சேர்க்காமலேயே தாக்குப்பிடிக்கிறது. ஆனால் குளிக்கும்போது ஈரக்கையை டப்பாவுக்குள் விடுகிறோம். அப்போது போகும் தண்ணீர் எண்ணெயோடு கலக்காமல் அடியில் இறங்கி உப்பைக் கரைக்கிறது. 100 மில்லி தண்ணீர் சுமார் 36 கிராம் உப்பைக் கரைத்துவிடும். நாளாக ஆக அடியில் உப்புநீர், மேலே எண்ணெய் எனப் பிரிந்து நிற்கும்.

"அதான் உப்பு இருக்கிறதே, கெடாது" என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. உப்பு முழுதாகச் செறிந்த நீரில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளர முடியாது. ஆனால் மூடியின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். குளியலறை ஆவி அங்கே துளித்துளியாகப் படிந்திருக்கும். அந்தத் துளிகளில் உப்பே கிடையாது. பூஞ்சைக்கு அதுவும், விளிம்பில் ஒட்டியிருக்கும் அழுக்கும் போதும். எனவே குளிக்கப் போகும் முன்பே, காய்ந்த கரண்டியால் அன்றைக்குத் தேவையானதை மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய டப்பா குளியலறைப் பக்கமே வர வேண்டாம். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மற்ற தவறுகளில் பாதி தானாகவே குறைந்துவிடும்.

அடுத்த தவறும் தண்ணீர் சம்பந்தப்பட்டதுதான், ஆனால் இதை நாமே கையால் அள்ளிப் போடுகிறோம். எலுமிச்சைச் சாறு, கற்றாழை ஜெல், பழக்கூழ், தயிர், பால். இவை எல்லாமே பெருமளவு தண்ணீர்தான், கூடவே கிருமிகளுக்குத் தீனியும். "இயற்கையானது" என்ற பெயரில் இவற்றைச் சேர்த்து மாதக்கணக்கில் வைக்கச் சொல்லும் செய்முறைகளை நம்பாதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் கெடுவது தாமதமாகும், நிற்காது. ஆசையாக இருந்தால் அன்றைக்கு எடுத்த பங்கில் மட்டும் கலந்து, அப்போதே தேய்த்து, மீதியைக் கொட்டிவிடுங்கள். எலுமிச்சைச் சாற்றை மட்டும் அப்படியும் சேர்க்க வேண்டாம் என்பேன். உப்பு உரசிய தோலில் அந்தப் புளிப்பு பட்டால் சுள்ளென்று எரியும். அழகுக்காகப் போடும் காய்ந்த பூவிதழ்களும் வீண். ஈரத்தை இழுத்துக்கொண்டு பழுப்பாகிப்போகும், தண்ணீர் போகும் குழாயையும் அடைக்கும்.

வைட்டமின் ஈ எண்ணெய் சேர்த்துவிட்டால் ஸ்க்ரப் கெடாது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. வைட்டமின் ஈ கிருமியைக் கொல்லாது. எண்ணெய் காற்றோடு சேர்ந்து காறிப்போவதை மட்டுமே அது தள்ளிப்போடும். இரண்டும் வேறு வேறு பிரச்சினை. காறலுக்கு நல்ல தீர்வு எண்ணெயைப் பார்த்து எடுப்பதுதான். தேங்காய் எண்ணெயும் ஹோஹோபா எண்ணெயும் நீண்ட நாள் நிற்கும். திராட்சை விதை எண்ணெயும் ஆளி விதை எண்ணெயும் சீக்கிரம் காறும். பாட்டிலின் அடியில் கிடக்கும் பழைய எண்ணெயைத் தீர்ப்பதற்காக ஸ்க்ரப் செய்யாதீர்கள். ஏற்கெனவே பாதி காறிய எண்ணெயை எதைச் சேர்த்தும் மீட்க முடியாது.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஸ்க்ரப் கல்லாக இறுகிவிட்டால் அதில் வெந்நீர் ஊற்றி இளக்குபவர்கள் உண்டு, அதோடு கதை முடிந்தது. டப்பாவை இறுக மூடி, வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பாத்திரத்தில் கொஞ்ச நேரம் வைத்தாலே இளகிவிடும்.

உப்பைப் பொறுத்தவரை, கல் உப்பை அப்படியே போடக் கூடாது. அதன் கூரான முனைகள் தோலைக் கீறும். விரலால் நசுக்கிப் பார்த்தால் குத்தாத அளவுக்குப் பொடியாக இருக்க வேண்டும். ஒரு கப் உப்புக்கு மூன்றில் ஒரு பங்கு கப் எண்ணெயில் தொடங்குங்கள். ஈர மணல் மாதிரி அள்ள வந்தால் போதும், மேலே எண்ணெய் நின்றால் இன்னும் கொஞ்சம் உப்பு போடுங்கள்.

வாசனைக்காகச் சேர்க்கும் எசென்ஷியல் ஆயில் (செடிகளிலிருந்து எடுக்கும் செறிவான வாசனை எண்ணெய்) விஷயத்தில் கை தாராளமாகிவிடுகிறது. 200 கிராம் ஸ்க்ரப்புக்கு சுமார் 20 சொட்டு தாராளம். இலவங்கப்பட்டையும் கிராம்பும் தோலைக் கடுமையாக உறுத்தும், தவிர்ப்பது நல்லது. சூடாக்காமல் தோலிலிருந்து பிழிந்த எலுமிச்சை, பெர்கமாட் (எலுமிச்சை இனப் பழம்) எண்ணெய்கள் பட்ட தோலில் வெயில் பட்டால் சிவந்து கொப்புளிக்கலாம். ஸ்க்ரப்பைக் கழுவினாலும் எண்ணெய்ப் படலம் தோலில் தங்கத்தானே செய்கிறது?

டப்பாவுக்குத் தகர மூடி வேண்டாம், உப்பு பட்டுத் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் மூடி போட்ட கண்ணாடி ஜாடி நல்லது. கழுவிய பின் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, செய்த தேதியை மேலே எழுதி ஒட்டி, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். ஓரிரு மாதத்தில் தீரும் அளவு மட்டும் செய்யுங்கள். பழைய பெயின்ட் போல வாடை வந்தாலோ, புள்ளி தெரிந்தாலோ மேலாக வழித்து எடுத்துவிட்டுப் பயன்படுத்தும் வேலை வேண்டாம், முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

அப்புறம், முகத்துக்கு இது ஆகாது. ஷேவ் அல்லது வேக்ஸ் செய்த அன்றும், வெயிலில் கன்றிய தோலிலும், காயம், எக்ஸிமா, சொரியாசிஸ் போன்ற தோல் நோய் உள்ள இடங்களிலும் தொடவே வேண்டாம். மற்றவர்களுக்கும் வாரம் ஒருமுறை, மிஞ்சிப்போனால் இருமுறை போதும். தேய்த்து முடித்ததும் தரையில் எண்ணெய் படர்ந்திருக்கும், கண்ணுக்கும் தெரியாது. வெந்நீரும் சோப்பும் போட்டுத் தரையைக் கழுவிவிட்டே வெளியே வாருங்கள், அடுத்துக் குளிக்கப் போகிறவர் வழுக்கி விழக் கூடாது.