வாசனைத் திரவியத்தில் அசலையும் போலியையும் பிரித்தறிவது எப்படி

யாழ்ப்பாணத்து வீடொன்றுக்கு வெளிநாட்டு வாசனைத் திரவியம் வந்து சேரும் வழிகள் மூன்று. ரொறன்ரோவிலிருந்தோ பாரிஸிலிருந்தோ விடுமுறைக்கு வரும் உறவினரின் பயணப்பெட்டியில் வருவது ஒன்று. நகரத்து அழகுசாதனக் கடையிலோ, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் முளைக்கும் தற்காலிகக் கடையிலோ வாங்குவது இன்னொன்று. முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் படத்தைப் பார்த்து ஓடர் கொடுத்துவிட்டு, கூரியரில் வருபவரிடம் காசைக் கொடுத்துப் பெட்டியை வாங்கிக்கொள்வது மூன்றாவது. இந்த மூன்று வழிகளிலும் அசலும் வரலாம், போலியும் வரலாம்.

போலி செய்பவர்கள் இன்று பெட்டியை மிக நேர்த்தியாக அச்சிடுகிறார்கள். ஆகையால், கீழே சொல்லப்படும் சோதனைகளில் எதுவும் ஒரு போத்தலை அசல் என்று உறுதிப்படுத்தித் தராது. போலியை ஒதுக்கவே அவை உதவும். பட்டைக்கோடு சரியாக இருக்கிறது, கண்ணாடித்தாள் சுற்றியிருக்கிறது என்பதை மட்டும் நம்பிக் காசை எண்ணிக் கொடுப்பவர்களே பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

விலையும் விற்பவரும்

பெட்டியைக் கையில் எடுப்பதற்கு முன்னரே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். டியோரின் சோவாஜ், ஷனெலின் புளூ ட ஷனெல் போன்றவற்றின் 100 மில்லிலீற்றர் போத்தல், வெளிநாட்டில் அங்கீகாரம் பெற்ற கடைகளில் 100 அமெரிக்க டொலருக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. ஒரு டொலரை 300 ரூபாய் என்று வைத்தாலே அது 30,000 ரூபாய்; அதன்மேல் கப்பற்கூலி, இறக்குமதி வரிகள், கடைக்காரரின் இலாபம் ஆகியன சேர வேண்டும். அப்படியிருக்க, அதே போத்தலைச் சீல் உடைக்காமல் 6,500 ரூபாய்க்குத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அதற்கு அவர் கூறும் காரணம் எதுவாக இருந்தாலும் அது கதையே. சுங்கம் பறிமுதல் செய்து ஏலத்தில் விட்டது, கப்பலில் மிஞ்சியது, டுபாயில் கடையை மூடுகிறார்கள் என்று வரும் கதைகளெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். விலை மட்டும் மாறாது.

அதற்காக, மலிவானது எல்லாம் போலி என்றும் எண்ணிவிடக் கூடாது. 1988இல் வெளிவந்த டேவிடோஃப் கூல் வோட்டர், 1994இல் வெளிவந்த சீ.கே. வன் போன்ற பழைய திரவியங்கள் வெளிநாட்டுத் தள்ளுபடிக் கடைகளிலேயே மேற்சொன்ன விலையில் மூன்றிலொரு பங்குக்குக் கிடைக்கின்றன. எனவே, பொதுவாக 'சென்ற்' என்ன விலை என்று பாராமல், குறிப்பிட்ட அந்தத் திரவியம், அந்த அளவு, அந்தச் செறிவு வெளியில் என்ன விலைக்குப் போகிறது என்பதைக் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டே பேரம் பேச வேண்டும்.

'மாஸ்டர் கொப்பி', 'ஃபர்ஸ்ட் கொப்பி' என்று சொல்லி விற்பவர் போலி என்பதை வாயாலேயே ஒப்புக்கொள்கிறார். அதில் ஆராய்வதற்கு எதுவுமில்லை. ஆனால் லத்தாஃபா, அர்மாஃப் போன்ற ஐக்கிய அரபு இராச்சிய நிறுவனங்களின் திரவியங்களை இதே வரிசையில் வைப்பது அநியாயம். அர்மாஃபின் கிளப் டி நுயி இன்டென்ஸ் மேன் என்பது கிரீட் நிறுவனத்தின் அவென்டஸை நினைவூட்டும் மணமுடையது என்பது இத்துறையை அறிந்த யாவருக்கும் தெரியும். எனினும் அது தன் சொந்தப் பெயரிலேயே, தன் சொந்தப் பெட்டியிலேயே விற்கப்படுகிறது. மணம் ஒத்திருப்பதனால் ஒரு பொருள் போலியாகிவிடாது. இன்னொருவரின் பெயரையும் சின்னத்தையும் ஒட்டிக்கொண்டால்தான் போலி. கையில் கொஞ்சக் காசு மட்டும் இருப்பவருக்கு, போலி சோவாஜை வாங்குவதைவிட அசல் லத்தாஃபாவை வாங்குவதே புத்தி என்பது என் கருத்து. அத்தர்க் கடையில் 'இன்னதைப் போன்றது' என்று சொல்லி அளந்து ஊற்றித் தரும் எண்ணெயும் அவ்வாறே நேர்மையான வியாபாரம்தான்.

வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதே ஒரு சான்று என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. பாரிஸிலும் இலண்டனிலும் தெருவோரத்தில் விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஏமாறுபவர்களில் நம்முடைய சொந்தக்காரரும் இருக்கலாம். அன்பளிப்பாகக் கிடைத்ததற்குப் பற்றுச்சீட்டுக் கேட்பது மரியாதையாகாது என்பதால், அதைக் கேளாமல், அந்தப் போத்தலைத் துணியில் மட்டும் அடித்துப் பாவித்து வருவதே நல்லது.

பெட்டியும் போத்தலும்

கடையில் நிற்கும்போது முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: "அண்ணை, இந்தப் பெட்டியின்ர அடிப்பக்கத்தை ஒருக்காப் பாக்கலாமோ?" பெட்டியின் அடியில் தொகுதி இலக்கம் எனப்படும் சிறிய குறியீடு, எழுத்தும் எண்ணுமாகவோ எண் மட்டுமாகவோ, மையால் அச்சிடப்பட்டோ மையின்றி அழுத்திப் பதிக்கப்பட்டோ இருக்கும். அதே குறியீடு போத்தலின் அடியிலும் இருக்க வேண்டும். பெட்டியில் ஒன்றும் போத்தலில் வேறொன்றும் இருந்தால், அல்லது போத்தலில் எதுவுமே இல்லாவிட்டால், மேலே பார்க்கத் தேவையில்லை. இரண்டும் ஒன்றாக இருந்தாலோ சந்தேகம் குறையுமேயொழிய நீங்கிவிடாது. உண்மையான ஒரு பெட்டியின் குறியீட்டை ஆயிரம் போலிப் பெட்டிகளில் அச்சிடுவது ஒன்றும் கடினமான வேலையல்ல. குறியீட்டைக் கொடுத்தால் உற்பத்தியான மாதத்தைக் காட்டும் இணையத்தளங்களும், அந்தக் குறியீடு அந்நிறுவனத்தின் முறைப்படி அமைந்ததா என்பதை மட்டுமே சொல்கின்றன; கையிலிருக்கும் போத்தலைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது.

இந்த இடத்தில், பலர் செய்யாத ஒரு சோதனை இருக்கிறது. அதே நிறுவனத்தின் வேறொரு திரவியத்தையும் எடுத்துத் தரும்படி கேட்டு, இரண்டின் தொகுதி இலக்கங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே திரவியத்தின் பத்துப் பெட்டிகளில் ஒரே இலக்கம் இருப்பது இயல்பு, ஏனெனில் அவை ஒரே அட்டைப்பெட்டியில் வந்திருக்கலாம். ஆனால் ஆண்களுக்கான சோவாஜிலும் பெண்களுக்கான மிஸ் டியோரிலும் ஒரே இலக்கம் இருக்குமானால், இரண்டும் ஒரே அச்சகத்தில் பிறந்தவை என்று துணிந்து சொல்லலாம்.

பட்டைக்கோட்டின் முதல் எண்கள், அந்த இலக்கம் எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டது என்பதைக் காட்டுகின்றன. பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதை அல்ல. 30 முதல் 37 வரை பிரான்ஸ், 80 முதல் 83 வரை இத்தாலி, 479 இலங்கை. இந்தத் தகவல் தனியே நின்று அதிகம் பயன்படாது. பெட்டியில் எழுதியிருப்பவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் முரண்பாடு வெளிப்படும். வெர்சாச்சேயின் திரவியங்களைத் தயாரிப்பது இத்தாலியின் யூரோஇத்தாலியா நிறுவனம். அவற்றின் பட்டைக்கோடு 80 என்று தொடங்கும், பெட்டியிலும் இத்தாலியில் தயாரிக்கப்பட்டதாகவே இருக்கும். வெர்சாச்சே என்று பெயரிட்டுவிட்டுப் பிரான்ஸில் தயாரித்ததாக அச்சிட்டிருக்கும் பெட்டியை அச்சடித்தவர், வாசனைத் திரவியம் என்றாலே பிரான்ஸ்தான் என்று எண்ணியிருக்கிறார்.

எழுத்துகளை நிதானமாக வாசிக்க வேண்டும். லாங்கோம், ஹேர்மேஸ் போன்ற பிரெஞ்சுப் பெயர்களில் உயிரெழுத்தின் தலையில் தொப்பியோ சரிந்த சிறு கோடோ இருக்கும்; போலியில் அது விடுபட்டிருக்கலாம், தவறான எழுத்தின்மேல் ஏறியிருக்கலாம். பெட்டியின் பின்புறத்தில் சேர்மானப் பட்டியல் பொடி எழுத்தில் இருக்கும்: அல்கஹோல் முதலில், பின்னர் வாசனைக் கலவை, நீர், அதைத் தொடர்ந்து லிமொனீன், லினலூல், குமரின் என்று ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களின் பெயர்கள். இந்தப் பட்டியலில்தான் எழுத்துப்பிழைகள் அதிகம் அகப்படும், ஏனென்றால் அதை யாரும் வாசிப்பதில்லை என்று போலி செய்பவருக்குத் தெரியும்.

ஆனாலும் மாற்றம் எல்லாம் மோசடி அல்ல. ஒவ்வாமை தரக்கூடிய 26 பொருள்களின் பெயரை மட்டும் குறிப்பிடும்படி கேட்டுவந்த ஐரோப்பிய ஒன்றியம், 2023இல் அந்தப் பட்டியலை 80க்கும் மேற்பட்டதாக விரிவாக்கியது; புதிதாகச் சந்தைக்கு வருவனவற்றுக்கு 2026 ஜூலை 31 என்றும், ஏற்கனவே விற்பனையில் இருப்பனவற்றுக்கு 2028 ஜூலை 31 என்றும் தவணை கொடுத்திருக்கிறது. ஆகையால் ஒரே திரவியத்தின் இரண்டு அசல் பெட்டிகளில் ஒன்றின் பட்டியல் குட்டையாகவும் மற்றதன் பட்டியல் நீளமாகவும் இருக்க நேரும். பாக்கோ ரபான் நிறுவனம் 2023இல் தன் பெயரை ரபான் என்று சுருக்கிக்கொண்டது. அதனால் அந்நிறுவனத்தின் வன் மில்லியன் திரவியப் பெட்டியில் பெயரின் முன்பாதியைக் காணவில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

இனி போத்தல். மூடியைக் கழற்றி, திரவத்தைத் தெளிக்கும் விசிறியின் தண்டிலிருந்து அடிவரை இறங்கும் குழாயைப் பாருங்கள். தரமான போத்தலில் அந்தக் குழாய் மெல்லியதாக, திரவத்துக்குள் இருக்கிறதா இல்லையா என்று தேடும்படி தெளிவாக, அடியின் ஓரத்தைத் தொடும் அளவுக்கு வெட்டப்பட்டிருக்கும். போலியில் அது வெண்மையாகத் தடித்து, தேவைக்கு மிஞ்சிய நீளத்தால் அடியில் மடங்கிக் கிடக்கும். கழுத்தைச் சுற்றியுள்ள உலோக வளையத்தை விரலால் திருப்பிப் பார்த்தால் சுழலக் கூடாது. கண்ணாடியின் அடிப்பாகம் எல்லாப் பக்கமும் ஒரே தடிப்பில், காற்றுக்குமிழி இல்லாமல் இருக்க வேண்டும். சோவாஜ், புளூ ட ஷனெல் இரண்டின் மூடிகளுக்குள்ளும் காந்தம் உண்டு. கழுத்தருகே கொண்டுபோகும்போதே அது பிடித்து இழுத்து 'டக்' என்று அமரும். போலி மூடி வெறுமனே இறுகிப் பொருந்தும், அல்லது காந்தம் பெயருக்கு இருக்கும். பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினால் போத்தல் உள்ளே உருளும் ஓசை கேட்கக் கூடாது. உள்ளிருக்கும் மடிப்பு அட்டை அதனை அசையவிடாது.

கண்ணாடித்தாள் உறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாகச் சுற்றிய உறை இறுகி, மடிப்பு ஒழுங்காக இருக்கும். பசை வழிந்திருந்தால் ஐயப்பட வேண்டும். எனினும் உறை சுற்றும் இயந்திரம் யாரும் வாங்கக்கூடியது. கடையில் மணம் பார்ப்பதற்கென்று வைக்கப்படும் போத்தல்கள், 'டெஸ்டர்' என்று விற்கப்படுபவை, சாதாரண அட்டைப்பெட்டியில், சில வேளைகளில் மூடியில்லாமலும் வரும். அவற்றில் விற்பனைக்கல்ல என்று அச்சிடப்பட்டிருக்கும். அசல் டெஸ்டர்களும் இருக்கின்றன, ஆனால் ஒப்பிடுவதற்குச் சரியான பெட்டியில்லாமையால் அவை போலிக்கு வசதியான மறைவிடமும் ஆகும்.

இவற்றுக்கெல்லாம் அகப்படாத வகை ஒன்றுண்டு. உண்மையான போத்தல் முடிந்த பிறகு அதை வாங்கி, மலிவான திரவத்தை நிரப்பி விற்பது அது. அங்கே குறியீடும் கண்ணாடியும் மூடியும் அசலாகவே இருக்கும். கழுத்து வளையத்தில் கருவியால் நெம்பிய கீறல், மூடியின் உட்புறத்தில் தேய்மானம், ஒரே திரவியத்தின் இரண்டு போத்தல்களைப் பக்கத்தில் வைத்தால் திரவமட்டம் ஏறியிறங்கியிருப்பது ஆகியவையே அப்போது காட்டிக்கொடுக்கும்.

மணம்

சந்தேகமான எதையும் முதலில் தோலில் அடிக்காமல், தடித்த வெள்ளைத் தாள்துண்டில் அடித்துப் பாருங்கள். இலண்டன் நகரப் பொலிஸின் அறிவுசார் சொத்துக் குற்றப் பிரிவு, போலி வாசனைத் திரவியங்களில் சயனைட் உட்பட நச்சுப்பொருள்களும் மனித சிறுநீரும்கூடக் காணப்பட்டதாக 2015இல் பொதுமக்களை எச்சரித்தது. எல்லாப் போலியும் அப்படி இருக்கும் என்பதல்ல; ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

நல்ல விசிறி, பனிப்புகைபோல் அகன்று பரவும். துளித்துளியாகத் தாளில் விழுந்தால் அது நல்ல அறிகுறியல்ல. அடித்தவுடன் முகராமல் அரை நிமிடம் விட்டு முகர வேண்டும், ஏனெனில் முதலில் எழும் அல்கஹோல் நெடி அசலிலும் உண்டு. அதன்பின் பத்து நிமிடத்தில் ஒரு முறை, ஒரு மணி நேரத்தில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று அதே தாளை முகர்ந்து பாருங்கள். முறையாகச் செய்த திரவியத்தில் முதலில் எலுமிச்சை இனத்து மணங்கள் எழுந்து அடங்க, நடுவில் பூவோ மசாலாவோ தலைகாட்டி, கடைசியில் மரம், பிசின், கஸ்தூரி போன்றவை தங்கும். போலியில் தொடக்கத்தில் வந்த அதே மணம் மெலிந்துகொண்டே போய் மறையும். எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை மட்டும் அளவாகக் கொள்ள வேண்டாம். ஓ ட டொய்லெற் எனப்படும் செறிவு குறைந்த அசல் திரவியங்கள் சில, நம்முடைய வெக்கையில் மூன்று மணி நேரம்கூட நிற்பதில்லை, மலிவான கனத்த எண்ணெய் நாள் முழுதும் நிற்கும்.

நிறமும் அப்படித்தான். வனிலா மணம் தரும் வனிலின் கலந்த திரவியம் நாட்பட மஞ்சளாகி, பின்னர் பழுப்பாக மாறும். அது பொருளின் இயல்பு. வெயில் விழும் கண்ணாடி அலுமாரியில் மாதக்கணக்காக நின்ற அசல் போத்தலும் நிறம் மாறி, முதல் மணம் புளித்துப்போயிருக்கும். அதைப் போலி என்று சொல்ல முடியாது, ஆனால் முழு விலை கொடுக்கவும் தேவையில்லை.

வாங்கிய பின்

பற்றுச்சீட்டில் வெறுமனே 'சென்ற்' என்று எழுதாமல், திரவியத்தின் பெயரையும் அளவையும் எழுதித் தரும்படி கேளுங்கள். தயங்காமல் எழுதித் தருபவரிடம் வாங்குவது பாதுகாப்பானது. கூரியரில் வந்தால், பெட்டியைத் திறப்பதிலிருந்து கைபேசியில் காணொளி எடுத்து வையுங்கள். ஏமாந்துவிட்டீர்களானால், முதலில் கடைக்காரரிடம் அமைதியாகப் பேசிப் பார்க்கலாம், ஏனெனில் மொத்த வியாபாரி அவரையும் ஏமாற்றியிருக்கக் கூடும். அது சரிவராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். பெட்டி, போத்தல், சீட்டு மூன்றும் கையிலிருந்தால்தான் முறைப்பாடு நிற்கும்.

பாவித்து முடித்த போத்தலை மூடியோடும் பெட்டியோடும் பழைய போத்தல் வாங்குபவரிடம் கொடுக்க வேண்டாம். பெட்டியைக் கிழித்து, போத்தலின் முகப்பில் இருக்கும் பெயரை ஆணியால் கீறி அழித்துவிட்டு, விசிறியைத் தனியே கழற்றிய பின்னர் கொடுங்கள்.