பி போட்டிருந்தால் போதுமா? பொட்டலத்தின் பின்பக்கக் கணக்கு

சிங்கப்பூர்ப் பேரங்காடியில் பானம் வாங்கும்போது போத்தலின் முன்பக்கத்தில், சீனியையும் கொழுப்பையும் வைத்துத் தரம் சொல்லும் நியூட்ரி-கிரேட் எழுத்து கண்ணில் படும். பொட்டலப் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதலும், கடையில் கலந்து தரும் பானங்களுக்கு 2023 டிசம்பர் 30 முதலும் இது நடப்பில் இருக்கிறது. 100 மில்லிலிட்டரில் சீனி 1 கிராமுக்குள் இருந்தால் ஏ, 5 கிராம் வரை பி, 10 கிராம் வரை சி, அதற்கு மேல் டி. நிறைவுற்ற கொழுப்புக்கும் தனி வரம்பு உண்டு. இரண்டில் எது மோசமோ அதுதான் எழுத்தைத் தீர்மானிக்கும். செயற்கை இனிப்பூட்டி சேர்ந்த பானத்துக்கு ஏ கிடையாது. 'ஸீரோ' கோலாவில் பி இருப்பதன் காரணம் அதுதான்.

2017இல் பொட்டலப் பானங்களின் இடைநிலைச் சீனி அளவு 7.1 விழுக்காடு, அதாவது 100 மில்லிலிட்டருக்கு 7.1 கிராம். 2023இல் அது 4.6 ஆக இறங்கியது. நல்ல செய்திதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பி-யின் வரம்பு 5 என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கோடு எங்கே போட்டிருக்கிறதோ, அதைத் தாண்டி ஓரடி உள்ளே வந்து நின்றுகொண்டாலே தயாரிப்பாளருக்குப் போதும். அந்த எழுத்து 100 மில்லிலிட்டருக்கான கணக்கு. நாம் குடிப்பதோ முழுப் போத்தல்.

அதனால் எழுத்தை விட்டுவிட்டுப் பின்பக்க அட்டவணையில் '100 மி.லி.' என்ற பத்தியைப் பிடியுங்கள். சீனி கிராமைப் போத்தலின் மொத்த அளவால் பெருக்கி 100ஆல் வகுத்தால் முழுப் போத்தலின் சீனி வரும். அதை 5ஆல் வகுத்தால் தேக்கரண்டிக் கணக்கு. 4.6 கிராம் உள்ள 500 மி.லி. பி போத்தலில் 23 கிராம், அதாவது நாலரைக் கரண்டி. 7 கிராம் உள்ள 250 மி.லி. சி பெட்டியில் பதினேழரை கிராம், மூன்றரைக் கரண்டி. எழுத்து நல்லது, சீனி கூடுதல்! நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் சேர்ப்புச் சீனி வரம்பு 50 கிராம், முடிந்தால் 25. பலர் சறுக்குவது 'ஒரு பரிமாறல்' என்ற பத்தியில்தான். ஒரே மூச்சில் குடிக்கும் போத்தலை இரண்டு பரிமாறலாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள்.

கோப்பி, தேநீர் மூன்று-இன்-ஒன் பொட்டலங்களில் இன்னொரு சிக்கல். உறையில் சொன்ன அளவு தண்ணீர் ஊற்றிக் கலந்தால் என்ன வருமோ, அதற்குத்தான் எழுத்து. கெட்டியாக வேண்டும் என்று தண்ணீரைக் குறைத்தாலும், ஒரே குவளைக்கு இரண்டு பொட்டலம் பிரித்தாலும் அந்த எழுத்துக்கு அர்த்தமில்லை. பபிள் டீயிலும் முத்துகளின் சீனி எழுத்துக் கணக்கில் சேராது.

கோப்பிக் கடையில் அட்டவணை கிடையாது, வாய்தான் அட்டவணை. வெறும் 'தே' என்றால் இனிப்புக் கெட்டிப்பால். அந்தப் பாலில் ஏறக்குறைய பாதி சீனி. 'கொசோங்' என்றால் சீனி இல்லாமல். எனவே 'தே கொசோங்' என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் குழம்புவார். சீனி போடாமல் கெட்டிப்பாலை ஊற்றிவிடவும் கூடும். பால் வேண்டும், சீனி வேண்டாம் என்றால் 'தே சி கொசோங்', அதில் ஊற்றுவது இனிப்பில்லாத ஆவிப்பால். பாலும் வேண்டாம் என்றால் 'தே ஓ கொசோங்'. 'சியூ தை' என்பது சீனியைக் குறைக்கும், நீக்காது. ஒரேயடியாக விட முடியாதவர்கள் சில வாரம் சியூ தையில் இருந்துவிட்டுக் கொசோங்குக்கு இறங்கினால் நாக்கு முரண்டு பிடிக்காது.

சீனியைவிட உப்புதான் நம் வீடுகளில் பெரிய சங்கதி. 2022 தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி சிங்கப்பூரர் ஒருவர் நாளுக்கு உட்கொள்ளும் சோடியம் சராசரியாக 3,620 மில்லிகிராம். பரிந்துரை 2,000, அதாவது 5 கிராம் உப்பு, ஒரு தேக்கரண்டி. பொட்டலத்தில் உப்பு என்று இருக்காது, சோடியம் என்றுதான் இருக்கும், 2.5ஆல் பெருக்கினால் உப்பு. உடனடி நூடல்ஸில் 100 கிராமுக்கு 2,000 மி.கி. என்று இருந்து, பொட்டலம் 80 கிராம் என்றால், ஒரு கிண்ணத்தில் 1,600 மி.கி. வருகிறது, நாலு கிராம் உப்பு. பெரும்பகுதி மசாலாப் பையில் இருக்கிறது. பாதிப் பையை மட்டும் போட்டு, சாற்றைக் குடிக்காமல் வைத்தால் கணக்கு வெகுவாக இறங்கும். பையை முழுசாகப் போட்டுவிட்டுத் தண்ணீரைக் கூட்டுவதால் பயனில்லை, சாற்றைக் குடித்தால் அதே உப்புதான்.

லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கும் சாமான்களிலும் இதே விழிப்பு வேண்டும். ரவா இட்லி மாவு, ரசப் பொடி போன்ற உடனடிக் கலவைகளில் உப்பு ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம். பட்டியலைப் பார்க்காமல் வழக்கம்போல் உப்புப் போட்டால் இரட்டிப்பு. அப்பளத்தில் உப்போடு சோடாவும் சேர்வதால் நாக்குக்குத் தெரியாத சோடியமும் உண்டு. ஊறுகாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஊட்டச்சத்து அட்டவணை எல்லாப் பொட்டலத்திலும் இருக்காது. அப்போது சேர்மானப் பட்டியல்தான் துணை. எடை கூடியது முதலில், குறைந்தது கடைசியில். சீனி, குளுக்கோஸ் பாகு, ஃபிரக்டோஸ், வெல்லம் என்று இனிப்பைப் பல பெயரில் பிரித்தால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும். எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாக எண்ணுங்கள். 'கோதுமை ரொட்டி' என்று முன்பக்கம் எழுதியிருந்தாலும் முதல் பெயர் முழுக்கோதுமை மாவா என்று பாருங்கள். உறைய வைத்த பரோட்டாவில் 'தாவர எண்ணெய்' என்பது பாமாயிலாக இருக்கலாம். டிரான்ஸ் கொழுப்பைத் தரும் பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்க்கு 2021 ஜூனில் இங்கே தடை வந்துவிட்டது. ஆனால் பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு.

சில பொட்டலங்களில் காணும் ஆரோக்கியத் தெரிவுச் சின்னம் (Healthier Choice) அதே வகைப் பொருள்களோடு ஒப்பிட்டுத் தரப்படுவது. சோயா சாஸில் கால் பங்கு சோடியம் குறைந்திருந்தால், மூன்று கரண்டிக்குப் பதில் நான்கு கரண்டி ஊற்றியதும் லாபம் போச்சு.

பொட்டாசியம் கலந்த குறைசோடிய உப்பு நல்ல மாற்று. ஒன்றுக்கு ஒன்று அதே அளவில் போடுங்கள். சப்பென்று இருக்கிறதே என்று கூட்டினால் பலன் குறையும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், இரத்த அழுத்தத்துக்குப் பொட்டாசியத்தை ஏற்றும் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் தொட வேண்டாம். அப்படிப்பட்டவர் வீட்டில் ஒருவர் இருந்தாலும் பொதுச் சமையலுக்கு அந்த உப்பு ஆகாது. அங்கே வழக்கமான உப்பையே குறைத்து, புளியையும் எலுமிச்சையையும் மிளகையும் சற்றுத் தூக்கலாக வைப்பதுதான் வழி.