நைட்ரோ கார் எஞ்சினில் கனெக்டிங் ராட் மாற்றுவது எப்படி?

நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரிமோட் கன்ட்ரோல் காரின், '21' என்று அழைக்கப்படும் 3.5 சிசி எஞ்சின் 30,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது, பிஸ்டன் நொடிக்கு 500 முறை மேலே போய்க் கீழே வருகிறது. அத்தனை அடியையும் வாங்குவது, பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும், விரல் நீளம்கூட இல்லாத ஒரு அலுமினிய ராட். அது உடைந்தால் தனியாகப் போகாது. பிஸ்டன், அது ஏறி இறங்கும் ஸ்லீவ் (உள்குழாய்), சில சமயம் கிராங்க்கேஸையும் (எஞ்சினின் உடல்) சேர்த்துக் கொண்டுபோகும். ரேஸ் ஓட்டுபவர்கள் பலர் ஏழெட்டு லிட்டர் எரிபொருளுக்கு ஒருமுறை, ராட் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவது இதனால்தான்.

முதலில், மாற்ற வேண்டுமா என்று பாருங்கள். குளோ பிளக்கையும் (எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்) பேக்பிளேட்டையும் (எஞ்சினின் பின்மூடி) கழற்றி, பிஸ்டனைக் கீழே இறக்கி, ராடின் கீழ்முனையைப் பிடித்து அசையுங்கள். முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்வது இயல்பு. மேலும் கீழும் 'டக்'கென்று ஆட்டம் தெரிந்தால் ராடின் துளையிலுள்ள வெண்கல புஷ் தேய்ந்துவிட்டது.

வாங்க வேண்டியவை: உங்கள் எஞ்சின் மாடலுக்கான ராட், ரிஸ்ட் பின் (ராடைப் பிஸ்டனோடு பிணைப்பது), அதைப் பிடித்து வைக்கும் 2 கிளிப், பேக்பிளேட் ஓ-ரிங். பழைய கிளிப்பைத் திரும்பப் போடாதீர்கள். ஓடும்போது அது கழன்றால் ஸ்லீவில் கோடு கிழித்துவிடும்.

எஞ்சினைக் காரிலிருந்து இறக்கி வெளிப்பக்கத்தைக் கழுவுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் செய்த வேலை வீண். கூலிங் ஹெட் ஸ்குருக்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். அடியில் இருக்கும் மெல்லிய ஷிம்கள் எத்தனை என்று எண்ணி வையுங்கள். ஒன்று குறைந்தாலும் கம்ப்ரஷன் மாறிவிடும்.

அடுத்து ஸ்லீவ். ஸ்குரு டிரைவரால் நெம்பவே கூடாது, குரோம் பூச்சு போய்விடும். எரிபொருள் ஈரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு (மெத்தனால் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது) ஹீட் கன்னால் கிராங்க்கேஸை 100 டிகிரி அளவுக்குச் சூடாக்குங்கள். பிறகும் வரவில்லையா? பிஸ்டனை இறக்கி, எக்ஸாஸ்ட் துளை வழியே ஒரு நைலான் கேபிள் டையை அதன் தலைமேல் நுழைத்து ஃப்ளைவீலைத் (கிராங்கின் முனையிலுள்ள சக்கரம்) திருப்புங்கள். பிஸ்டனே ஸ்லீவைத் தூக்கிவிடும். ராடுக்கு இது நல்லதல்ல, ஆனால் அது எப்படியும் குப்பைக்குப் போகிறதுதானே.

இனிதான் புதியவர்கள் தவறும் இடம். பிஸ்டனின் எந்தப் பக்கம் எக்ஸாஸ்டைப் பார்க்கிறது, ராடின் எண்ணெய்த் துளை எந்தப் பக்கம் இருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்டனும் ஸ்லீவும் ஒன்றுக்கொன்று பழகித் தேய்ந்தவை. திருப்பிப் போட்டால் கம்ப்ரஷன் குறையும். பிறகு ஃப்ளைவீலை மெல்லத் திருப்பிக்கொண்டே, ராடின் கீழ்முனை இடறாமல் வரும் இடத்தில் பின்பக்கமாக வழுக்கி எடுங்கள். பிஸ்டன் மேல்வழியாக வந்துவிடும்.

கிளிப்பைக் கழற்றும்போது கைகளை உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தெறித்தாலும் பையைவிட்டுப் போகாது. புது ராடை மாட்டுமுன் கிராங்க் பின்னை (ராடின் கீழ்முனை மாட்டும் இடம்) நகத்தால் தடவிப் பாருங்கள். வரி தட்டுப்பட்டால் கிராங்கையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புது புஷ் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

திரும்பப் பூட்டும்போது புஷ் இரண்டிலும் ஆஃப்டர்-ரன் ஆயில் (ஓட்டி முடித்தபின் எஞ்சினுக்குள் விடும் எண்ணெய்) விடுங்கள். கிளிப் தன் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்ததா என்று சுற்றித் திருப்பிப் பாருங்கள். ராட் கிராங்க் பின்னில் ஏறியபின், கேஸை மறுபடி சூடாக்கி ஸ்லீவை இறக்குங்கள். அதன் வெட்டு கேஸிலுள்ள சிறு பின்னோடு பொருந்த வேண்டும். ஹெட்டை மூடுமுன் கையால் சில சுற்று திருப்புங்கள். குளிர்ந்த எஞ்சினில் பிஸ்டன் உச்சியில் இறுகுவது சரி. வேறெங்கே இடறினாலும் கழற்றிப் பாருங்கள்.

முதல் 2 டேங்க் எரிபொருளைச் சற்று ரிச்சாக (கலவையில் எரிபொருள் கூடுதலாக) வைத்து, ஃபுல் திராட்டில் கொடுக்காமல் ஓட்டுங்கள். எஞ்சினுக்குள் எரிபொருள் நிரம்பி (ஃப்ளட் ஆகி) இறுகி நின்றால் புல் ஸ்டார்ட் கயிற்றை வலுவாக இழுக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, எஞ்சினைக் கவிழ்த்து எரிபொருளை வடித்துவிடுங்கள். திரவம் அமுங்காது, ராட்தான் வளையும்.