கினிப்பன்றியின் ஃபிளீஸ் விரிப்பைத் துவைத்து உலர்த்தும் முறை

கினிப்பன்றியின் கூண்டில் விரிக்கும் ஃபிளீஸ் என்னும் மென்மையான செயற்கைத் துணி ஈரத்தைத் தன்னுள் தேக்கி வைப்பதில்லை. மேலே விழும் சிறுநீரை இழைகளின் வழியே கீழே இறக்கி, அடியில் விரித்திருக்கும் பருத்தித் துண்டிடம் ஒப்படைத்துவிடுகிறது. அதனால்தான் மேற்பரப்பு உலர்ந்தே இருக்கிறது. கினிப்பன்றியின் மெல்லிய பாதங்களும் புண்ணாகாமல் தப்புகின்றன. அந்த வழி அடைபடாமல் பார்த்துக்கொள்வதே இந்தத் துணியைத் துவைப்பதன் முதல் நோக்கம். அழுக்குப் போவது அதற்கு அடுத்ததுதான்.

கடையிலிருந்து வந்த புதுத் துணியை அப்படியே கூண்டில் விரிக்கக் கூடாது. ஃபிளீஸ் என்பது பாலியஸ்டர். ஆலையில் ஏற்றிய பூச்சு அதன் மேல் இருக்கும்வரை தண்ணீர் உள்ளே இறங்காது. ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்: சேம்பு இலையில் நிற்பதுபோல முத்து முத்தாக உருண்டு நிற்கும். மூன்று நான்கு முறை சலவைத்தூள் போட்டு வெந்நீரில் துவைத்த பிறகு அதே தண்ணீர் சில நொடிகளில் மறைந்து, அடியில் வைத்த துண்டு நனையும். அந்த நிலை வந்த பிறகே துணி கூண்டுக்குத் தயார். இந்தச் சோதனையை மாதம் ஒருமுறை செய்வது நல்லது.

விரிப்பை மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஆனால் ஒரு கினிப்பன்றி நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட புழுக்கைகளைப் போடுவதால், அவற்றை ஒரு சிறு துடைப்பத்தால் தினமும் கூட்டி எடுத்துவிட வேண்டும். நாள் கடந்த சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா இந்தப் பிராணியின் நுரையீரலுக்கு மிகவும் கெடுதலானது. நம் மூக்குக்கு வாடை எட்டும்போது, தரையை ஒட்டி மூச்சுவிடும் அதற்கு அது முன்பே எட்டியிருக்கும்.

துவைப்பதில் பாதி வேலை, துணி தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே இருக்கிறது. விரிப்பை மொட்டை மாடியிலோ பால்கனியிலோ பலமாக உதறி, பிறகு தரையில் பரப்பி, ரப்பர் பற்கள் கொண்ட தூரிகையால் ஒரே திசையில் இழுத்தால் முடியும் உலர்புல் துரும்பும் பாய்போலச் சுருண்டு வரும். இதைச் செய்யாமல் இயந்திரத்தில் போட்டால் புல் வடிகட்டியை அடைக்கும். நனைந்த முடியோ துணியை விட்டு விலகவே விலகாது. வலைப்பையில் போட்டுத் துவைப்பது கூடுதல் பாதுகாப்பு.

முதலில் குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசிவிட்டு, வாசனை சேர்க்காத சலவைத்தூளைக் குறைவாகப் போட்டு, 40 டிகிரி வெந்நீரில் துவைக்கவும். படர்தாமரையோ உண்ணியோ இருந்ததென்றால் 60 டிகிரி தேவை. துணி மென்மையாக்கும் கண்டிஷனரை ஒருபோதும் ஊற்றாதீர்கள். ஒருமுறை நான் அதைச் சேர்த்துவிட்டு, மறுநாள் எங்கள் கினிப்பன்றியைத் தூக்கியபோது வயிற்று முடி முழுவதும் ஈரமாக இருந்ததைக் கண்டேன். மென்மைக்காகச் சேர்க்கும் அந்தத் திரவம் இழைகளின் மேல் படலமாகப் படிந்து வழியை மூடிவிடுகிறது. அதற்குப் பதிலாகக் கடைசி அலசலில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் சேர்த்தால், கினிப்பன்றியின் சிறுநீரில் உள்ள கால்சியம் விட்டுச்செல்லும் வெண்மையான படிவும் வாடையும் நீங்கும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் துவைப்பவர்களுக்கு வினிகர் இன்னும் அவசியம்; அந்த நீரில் சோப்புக் கசடு எளிதில் தங்கிவிடும். ஆனால் பிளீச்சிங் சேர்த்த நீரில் வினிகரை ஊற்றினால் நச்சு வாயுவான குளோரின் கிளம்பும் என்பதால், இரண்டையும் ஒன்றாகப் பயன்படுத்தவே கூடாது. பினாயிலும் வேண்டாம்.

ஃபிளீஸ் வேகமாகக் காயும், அடித்துண்டுதான் தாமதிக்கும். ஆகவே இரண்டையும் தனித்தனியே கொடியில் போட்டு, வெயிலும் காற்றும் படும்படி பரப்பிவிடுங்கள். உலர்த்தும் இயந்திரம் இருந்தால் குறைந்த சூடு போதும். சூடு மிகுந்தால் பாலியஸ்டர் இழை கெட்டு விறைத்துப்போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி மேலுக்குக் காய்ந்தாற்போலத் தோன்றினாலும் தையல் ஓரங்களில் ஈரம் ஒளிந்திருக்கும். புறங்கையால் ஓரங்களை அழுத்திப் பார்த்து, சில்லென்று இருந்தால் மின்விசிறிக்கு அடியில் மீண்டும் போடுங்கள். அந்த மாதங்களுக்கென்றே மூன்றாவது விரிப்பு ஒன்று வைத்திருப்பது வீண்செலவல்ல.

மடித்து வைக்கும் அலமாரியில் அந்துருண்டை இருக்கக் கூடாது. அதன் ஆவி துணியில் ஏறிக் கினிப்பன்றிக்கு நஞ்சாகும். மீண்டும் விரிப்பதற்கு முன் துணியின் நான்கு ஓரங்களையும் விரலால் தடவிப் பார்த்து, கடித்த ஓட்டைகளிலிருந்து நூல் தொங்கினால் கத்தரித்துவிடுங்கள். அந்த நூல் கினிப்பன்றியின் சிறு விரல்களில் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டமே நின்றுவிடும்.