சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள்: நம் வீடுகளில் நடக்கும் சில தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று நம் பக்கத்து மெடிக்கல் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலே, "தொண்டை வலிக்குதுண்ணே, ரெண்டு வேளைக்கு மாத்திரை கொடுங்க" என்ற குரலைக் கேட்கலாம். வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, அட்டையோடு கத்தரித்த கேப்சூல் ஒன்று, மூன்றும் ஒரு காகிதக் கவரில். அந்தக் கேப்சூல் பல நேரம் ஆன்டிபயாடிக்தான், அதாவது பாக்டீரியாவை ஒழிக்கும் மருந்து. பெயர் தெரியாது, நாளைக்கு டாக்டர் கேட்டால் சொல்லவும் முடியாது. சளி, ஃப்ளூ, பெரும்பாலான தொண்டை வலி எல்லாம் வைரஸால் வருபவை. வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. சளி தானாகக் குறைகிறது, பேர் மட்டும் மாத்திரைக்குப் போகிறது.

"உடம்பு மருந்துக்குப் பழகிடுச்சு" என்பார்கள். பழகுவது உடம்பு இல்லை, உள்ளே இருக்கும் பாக்டீரியா. குடலில் வாழும் ஈ.கோலை, சூழல் தோதாக இருந்தால் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். அப்படிப் பெருகும்போது மரபணுவில் பிழைகள் விழும், அதனால் ஒன்றிரண்டுக்கு மருந்தை வெளியே தள்ளவோ, மருந்து போய் ஒட்டும் இடத்தையே மாற்றிக்கொள்ளவோ முடிந்துவிடும். மாத்திரை போட்டதும் மற்றவை சாக, இவை காலி இடத்தில் பெருகும். போதாததற்கு, மருந்தை உடைக்கும் நொதிக்கான மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ வளையத்தில் வைத்து வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கைமாற்றுக் கொடுப்பதுபோல் கொடுத்துவிடும். இன்று சளிக்குப் போட்ட மாத்திரையின் விளைவு, பிறகு சிறுநீர்த் தொற்று வரும்போது தெரியலாம், அதுவும் உங்களுக்கே வர வேண்டும் என்றில்லை, பக்கத்தில் படுக்கும் ஆயாவுக்கு வரலாம்.

பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங், குறைந்த அளவில் மருந்து போட்டால் கிருமி தப்பித்துத் தேறிவிடும் என்று 1945-லேயே நோபல் உரையில் எச்சரித்தார். நாம் இன்னும் பிஸ்கட் டின்னில் மிச்ச மாத்திரை சேர்த்து வைக்கிறோம், அதில் சிங்கப்பூர் உறவினர் விட்டுப்போன அட்டையும் கிடக்கும். ஆச்சிக்குக் குணம் தந்த மருந்தைப் பேரனுக்குக் கொடுக்காதீர்கள். சில தொற்றுக்கு மூன்று நாள் போதும், காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம், அந்தக் கணக்கை டாக்டர் போடட்டும்.

அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். எச்1 என்ற அரசின் கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் உள்ள ஆன்டிபயாடிக்குகளை விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயரைக் கடைக்காரர் எழுதி வைக்க வேண்டும் என்பது 2014 முதல் சட்டம்.

அப்புறம் அடுப்படி. கோழி சீக்கிரம் வளரத் தீவனத்தில் கலந்துவந்த கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை 2019-ல் அரசு தடை செய்தது, ஆனால் பண்ணையில் உருவான, மருந்துக்கு அடங்காத கிருமி பச்சைக் கறியோடு வீடு வரை வரலாம். நன்றாக வெந்த குழம்பில் பயமில்லை. கோழி அரிந்த அரிவாள்மனையைச் சும்மா தண்ணீர் விட்டு அலசிவிட்டு அதிலேயே தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம் அரிகிறோமே, அதுதான் ஆபத்து. சோப்புப் போட்டுத் தேயுங்கள், கையையும் சேர்த்து.